கண்ணாடியடி

பெயர்ப்பலகையில ஆங்கிலத்தில ஏதோ நீளமாய் எழுதிக் கிடக்கு.
சனத்துக்கு அது கண்ணாடி.
பஸ்காரப் பெடியனும்
"கண்ணாடியடி இறக்கம் வாங்கோ" எண்டுதான் கத்துவான்.
பரந்தனால வரேக்கையே தெரியும்,
நாலு மாடி நீலம்,
வானத்தைத் தகடு தகடாய் வெட்டி
வயலுக்குள்ள நிமிர்த்தி விட்ட மாதிரி.

திறந்த கிழமை
மல்லாவி, விசுவமடு எண்டு
லாண்ட்மாஸ்டர் பெட்டியில வந்து இறங்கினது சனம்.
நகரும் படிக்கு முன்னால
வசீகலா மாமி செருப்பைக் கழற்றிக் கையில பிடிச்சா.
ஏனெண்டு கேட்டால் அவவுக்கே தெரியேல்ல.

இப்ப படி நகராது. டீசல் இல்லை.
அதில குந்தியிருந்து
பெற்றோல் வரிசைக்காரர் காட்ஸ் விளையாடுகினம்.
மூண்டு நாளாய் வரிசை
செட்டில துவங்கி, கரடிப்போக்கைத் தாண்டி,
கண்ணாடியைச் சுத்தி வளைஞ்சு கிடக்கு.
கியூஆர் காட்டப் போனுக்குச் சார்ஜ் வேணும்.
சார்ஜ் உள்ளுக்க, ஜெனரேற்றரில.
செக்கியூரிட்டி செபநாயகம் ஒரு பீடிக்கு
ஒரு போன் குத்த விடுவார்.

எனக்கு வேலை இரண்டாம் மாடி, சாமான் பகுதி.
கையில துவக்கு.
பயப்பட வேண்டாம், விலை ஒட்டுற துவக்கு.
காலமை ஆறுக்கு மனேஜர் வாட்சப்பில விலை அனுப்புவார்.
பருப்புக்கு மேல பருப்பு விலை,
பால்மா இருந்த இடத்தில
பால்மா விலை மட்டும்.
"பழசை உரிச்சு மினைக்கெடாதை, மேல ஒட்டு."
ஒரு மீன்ரின்னில ஏழு ஒட்டியிட்டன்.
தடவினால்
காய்ஞ்ச புண்ணின்ர பொருக்கு.

வெளியில கதைக்கிறது எனக்கும் கேட்கும்.
பவானந்தம் அண்ணை சொன்னார்:
"இந்தப் போகம்
உரமில்லாமல் வளர்ந்தது இது ஒண்டுதான்."
ஆர் கட்டினது எண்டு ஒரே புடுங்குப்பாடு.
சுவிஸ்காரன் எண்டான் ஒருத்தன்.
இல்லை, கொழும்பு வங்கி எண்டான் மற்றவன்.
செவ்வாய்க்கிழமைக் கடன்காரனுக்குப் பயந்து
கண்ணாடிக்குள்ள ஒளிக்க வந்த தவநிதி
அரிசி ராக்கைக்குப் பின்னால நிண்டு சொன்னாள்:
"ஆற்றையோ இருக்கட்டும்,
கூலாய் இருக்கு."
ஒண்டும் வாங்கேல்ல.
போகேக்க கூடையை மட்டும்
ஒழுங்காய்க் கொண்டுபோய் அடுக்கினாள்.

நேற்று ஒரு பொடியன்,
ஏழெட்டு வயசிருக்கும்,
ராக்கைக்குக் கீழ இருந்து மீன்ரின்னைச் சுரண்டினான்.
அறுநூற்றித் தொண்ணூறு.
அறுநூற்றி நாப்பது.
ஐநூற்றி எண்பத்தஞ்சு.
நகத்தால, பொறுமையாய்.
நான் பார்த்தும் பாராத மாதிரி நிண்டன்.
ஐநூற்றி இருபது, நானூற்றி முப்பது,
முன்னூற்றி நாப்பது.
கடைசியில இருநூற்றி அறுபத்தஞ்சு.
போன வருசத்துத் தைப்பொங்கலுக்கு முந்தி
நான்தான் ஒட்டினது,
கொஞ்சம் சரிஞ்சு.

"அக்கா, அடியில மலிவாய்க் கிடக்கு" எண்டு
காசுமேசைக்கு ஓடினான்.
கையில மூண்டு நூறுரூபா,
வேர்த்து நனைஞ்சது.
மெசின் ஒட்டினதைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும்.
கீக் எண்டு சொல்லி
இண்டைக்கு என்ன விலையோ அதைக் காட்டிச்சு.

அழேல்ல.
ரின்னைத் திருப்பி வைச்சான்.
உரிச்ச ஏழையும்
புறங்கையில வரிசையாய் ஒட்டிக்கொண்டு
நிண்டுபோன படியால
காட்ஸ்காரரைத் தாண்டித் தாண்டி இறங்கினான்.

யன்னலால பார்த்தன்.
தகப்பன்ர மோட்டார்சைக்கிள்,
வெறும் ராங்.
அதில இருநூற்றி அறுபத்தஞ்சை
அமத்தி ஒட்டினான்.
தகப்பன் தலையைச் சரிச்சு வாசிச்சார்.
"இந்த விலைக்கு ஆரும் கேட்டால்
இப்பவே குடுத்திடுவன்" எண்டார்.
பக்கத்தில நிண்டவை சிரிச்சவை.
முன்னால ஆரோ கையைக் காட்ட
எல்லாரும் சைக்கிளை உருட்டிச்சினம்,
ரெண்டு முழம்.

எனக்குக் கீழ போக நேரமில்லை.
மனேஜரின்ர போன் மினுங்குது.
அந்த மீன்ரின் வெறுந்தகரமாய்
என்னைப் பார்த்துக்கொண்டு நிக்குது.
துவக்கை எடுத்தன்.